ஓட்டைக் குழாயும் ஒன்பதாயிரம் டாலரும்

போன பிப்ரவரியில், இன்டர்னல்ஸுக்கு முந்தின நாள் ராத்திரி அக்காவிடமிருந்து வீடியோ கால். அக்கா டெக்சாஸில், டல்லாஸ் பக்கத்தில் இருக்கிறாள்.

"டேய், நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? டக்ட் பத்தி ஏதாவது தெரியுமா?"

"அடுத்த செமஸ்டர்ல வருதுக்கா."

"அடுத்த செமஸ்டர் வரைக்கும் தாங்காது. ஒன்பதாயிரம் டாலர் கேக்குறாங்க."

விஷயம் இதுதான். அதற்கு முந்தின வருஷம்தான் அக்காவும் மாமாவும் ஒரு பழைய வீடு வாங்கியிருந்தார்கள். 1980-களில் கட்டினது, 1,800 சதுர அடி. முதல் கோடையிலேயே இரண்டு தொல்லை. கரன்ட் பில் எகிறியது. மேற்குப் பார்த்த கடைசி ரூம் மட்டும் எவ்வளவு நேரம் ஏ.சி. ஓடினாலும் குளிரவில்லை. அக்காவுக்கு ஆகஸ்ட்டில் பிரசவம். ஜூலையில் அம்மா கிளம்புகிறார். அம்மாவும் குழந்தையும் தங்கப்போவது அந்த ரூமில்தான்.

பார்க்க வந்த ஒரு கான்ட்ராக்டர், மேலே ஏறிப் பத்து நிமிஷம் டார்ச் அடித்துவிட்டு, "எல்லா டக்டையும் கழட்டிட்டுப் புதுசா போடணும், 9,000 டாலர்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நம்ம காசுக்கு ஏழு லட்சத்தைத் தாண்டும். பிரசவத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த பணம் மொத்தமும் அதில் போய்விடும்.

அடுத்த மூணு மாசம் நானும் அக்காவும் மாமாவும் சேர்ந்து போட்ட கணக்கின் கதைதான் இந்தக் கட்டுரை. மெக்கானிக்கல் பசங்களுக்கு மட்டும் இல்லை. "மாத்தணுமா, சரி பண்ணினா போதுமா?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் என்றைக்காவது வரும்.

நம்ம ஊர் ஏ.சி. வேற, அங்கே வேற

நம்ம வீடுகளில் ஸ்பிளிட் ஏ.சி. ஒரு ரூமுக்கு ஒண்ணு. அமெரிக்காவில் பெரும்பாலான தனி வீடுகளில் முழு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மெஷின். காற்றைக் குளிரவைத்து, சுடவைத்து அனுப்பும் அந்தப் பெட்டிக்கு ஏர் ஹேண்ட்லர் என்று பெயர். அங்கிருந்து ஒவ்வொரு ரூமுக்கும் காற்று கொண்டுபோவது சப்ளை டக்ட். ரூமிலிருந்து காற்றைத் திரும்ப மெஷினுக்கு இழுத்து வருவது ரிட்டர்ன் டக்ட். நம் உடம்பில் தமனி, சிரை மாதிரி.

டெக்சாஸ் வீடுகளில் இந்த டக்டுகள் பெரும்பாலும் ஆட்டிக்கில் ஓடும். ஆட்டிக் என்றால் சீலிங்குக்கும் சரிவான கூரைக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம். கிட்டத்தட்ட நம்ம பரண். கோடை மத்தியானத்தில் அங்கே வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டுக்கு நடுவேதான், 13 டிகிரிக் குளிர்க்காற்று ஒரு மெல்லிய உறைக்குள் ஓடுகிறது. ஜில்லென்ற மோர்ப்பாக்கெட்டை அடுப்பு மேலே தொங்கவிட்டது போல! அந்தப் பாக்கெட்டில் ஓட்டையும் இருந்தால்?

அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம் சொல்லும் கணக்குப்படி, ஒரு சராசரி வீட்டில் டக்டுக்குள் போகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவாலும் சரியாகச் சேராத மூட்டுகளாலும் வீணாகிறது. நாம் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்று பரணுக்குப் போகிறது.

முதல் செலவு அளப்பதற்கு

"அவர் ஏதாவது அளந்து பார்த்தாரா?" என்று அக்காவிடம் கேட்டேன். இல்லையாம். இங்கேதான் எனக்கு உறுத்தியது. பிளட் டெஸ்ட் எடுக்காமல் நேரே ஆபரேஷன் தேதி குறிக்கிற டாக்டரை நாம் நம்புவோமா?

டக்ட் கசிவை அளக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. எல்லா ரூமிலும் காற்று வரும் வாய்களை ஒட்டி அடைத்துவிடுவார்கள். ரிட்டர்ன் வாயில் அளவு குறித்த ஒரு ஃபேனை மாட்டி, டக்டுக்குள் 25 பாஸ்கல் அழுத்தம் வரும்வரை ஓட்டுவார்கள். 25 பாஸ்கல் என்பது தண்ணீரை இரண்டரை மில்லிமீட்டர் தூக்கும் அழுத்தம்தான். ஓட்டையே இல்லாத டக்ட் என்றால் அந்த அழுத்தத்தில் ஃபேன் காற்றே தள்ள வேண்டியதில்லை. ஃபேன் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவும் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அதை நிமிஷத்துக்கு இத்தனை கன அடி, அதாவது சி.எஃப்.எம்., என்று சொல்வார்கள்.

வேலை எடுத்துச் செய்யாமல் சோதனை மட்டும் செய்யும் ஆட்களும் அங்கே உண்டு. ரெஸ்நெட், பி.பி.ஐ. என்ற அமைப்புகளின் சான்றிதழ் வைத்திருப்பார்கள். டக்ட் விற்று அவர்களுக்கு லாபம் இல்லை என்பதால் அப்படி ஒருவரைத் தேடச் சொன்னேன். 300 டாலர் கேட்டார். "சும்மா பாக்குறதுக்கே முந்நூறா?" என்று மாமா முகம் சுளித்தார். ஆனால் 9,000-ஐச் செலவழிக்கலாமா என்று தெரிந்துகொள்ள 300 என்பது மூணு சதவீதம்தான்.

வந்த ரிசல்ட்: 350 சி.எஃப்.எம். அக்கா வீட்டு மெஷின் 3.5 டன். ஒரு டன்னுக்குச் சுமார் 400 சி.எஃப்.எம். என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் மொத்தம் 1,400. அதில் 350 என்றால் கால் பங்கு. அங்குள்ள மாதிரி எரிசக்திக் கட்டட விதி, புது வீட்டுக்கு 2012 பதிப்பிலிருந்து வைத்த வரம்பு 100 சதுர அடிக்கு 4 சி.எஃப்.எம். 1,800 சதுர அடிக்கு 72 வரும். அக்கா வீடு அதைப்போல ஐந்து மடங்கு. பழைய வீட்டுக்கு அந்த விதி பொருந்தாது, ஆனாலும் நாம் எங்கே நிற்கிறோம் என்று புரியும்.

எந்தப் பக்கத்து ஓட்டை?

எல்லா ஓட்டையும் ஒரே விலை இல்லை. சப்ளை பக்கம் 10 சதவீதம் ஒழுகினால், குளிர்க்காற்றில் பத்தில் ஒரு பங்கு பரணுக்குப் போகும். ரிட்டர்ன் பக்கம் 10 சதவீதம் ஓட்டை இருந்தால்? அங்கே டக்ட் உறிஞ்சுகிறது. ஆகவே பரணில் இருக்கும் சூடான காற்றை உள்ளே இழுக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரூம் காற்று 24 டிகிரி, பரண் காற்று 52 டிகிரி. 90 சதவீதம் அது, 10 சதவீதம் இது. கலந்தால் 0.9 × 24 + 0.1 × 52 = 26.8 டிகிரி. மெஷினுக்குள் போகும் முன்பே காற்று 2.8 டிகிரி சூடாகிவிட்டது. மெஷின் காற்றைக் குளிர்விப்பதே சுமார் 11 டிகிரிதான். ஆக, பத்து சதவீத ஓட்டை, மெஷின் குளிர்விப்பதில் கால் பங்கைச் சாப்பிட்டுவிடும்! பரணில் இருக்கும் ஈரப்பதத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

அக்கா வீட்டில் இதே கதைதான். ஏர் ஹேண்ட்லர் ஒரு சின்ன அலமாரி ரூமில், ஒரு மேடை மேல் நிற்கிறது. அந்த மேடைக்குள் இருக்கும் வெற்றிடமே ரிட்டர்ன். பலகையும் ஜிப்சம் அட்டையும் வைத்து அடித்த பெட்டி அது. அதன் ஒரு பக்கம் சுவரின் உள்கூட்டுக்குத் திறந்து கிடந்தது. அந்தக் கூடு நேராகப் பரணுக்குப் போகிறது. முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்த ரிட்டர்ன் பரண் காற்றைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

இன்னொன்றும் தெரியவந்தது. அதே அலமாரியில் கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டரும் நிற்கிறது. ரிட்டர்ன் அங்கே காற்றை உறிஞ்சினால் அந்தச் சின்ன இடத்தில் அழுத்தம் குறையும். புகைபோக்கி வழியாக மேலே போகவேண்டிய புகை கீழே திரும்பலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, ஆளைக் கொல்லும். இதைக் கேட்டதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அதுவரைக்கும் அது பில் பற்றிய பேச்சாகத்தான் இருந்தது.

ஒன்பதாயிரத்துக்கு ஒரு கணக்கு

சரி, காசுக்கு வருவோம். மே முதல் செப்டம்பர் வரை அக்காவுக்குச் சராசரி பில் 320 டாலர். ஏ.சி. அதிகம் ஓடாத ஏப்ரலில் 140. வித்தியாசம் 180, ஐந்து மாசத்துக்கு 900. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க 400. வருஷத்துக்கு மொத்தம் 1,300 டாலர் இந்த டக்டுகள் வழியாகப் போகிறது.

சுலபமாக இருக்கட்டும் என்று மொத்த 25 சதவீதத்தையும் சப்ளை கசிவாக வைத்துக்கொள்வோம். (25 பாஸ்கலில் அளந்ததும் தினசரி ஓட்டத்தில் ஒழுகுவதும் அப்படியே ஒண்ணு கிடையாது. மதிப்பீட்டுக்கு இது போதும்.) இப்போது ரூமுக்குப் போய்ச் சேருவது 75 சதவீதம். ஒரு துளிகூட ஒழுகாத அதிசய டக்ட் போட்டால் 100 சதவீதம் சேரும். அப்போது செலவு முக்கால் பங்காகும். மிச்சம் வருஷத்துக்கு 325 டாலர். 9,000-ஐ 325-ஆல் வகுங்கள்: கிட்டத்தட்ட 28 வருஷம்! அதற்குள் அந்தப் புது டக்டே கிழடாகிவிடும்.

இருப்பதையே அடைத்து, கசிவை 8 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால்? 0.75-ஐ 0.92-ஆல் வகுத்தால் 0.815. அதாவது 18.5 சதவீதம் மிச்சம், வருஷத்துக்குச் சுமார் 240 டாலர். ஒரு கோளாறும் இல்லாத புது டக்டுக்கும் ஒழுங்காக அடைத்த பழைய டக்டுக்கும் வித்தியாசம் வருஷத்துக்கு 85 டாலர்தான்.

மூணு உண்டியல்

இந்த இடத்தில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. "அப்போ அந்தக் கடைசி ரூம்? அடைச்சா அது குளிருமா? எனக்கு வருஷக் கணக்கு வேணாம்டா, ஆகஸ்ட்ல குளிரணும்" என்றாள் அக்கா. நியாயம்தானே?

அப்புறம்தான் ஒண்ணு புரிந்தது. டக்டுக்குச் செலவாகும் காசு எல்லாம் ஒரே உண்டியலில் இருந்து வருவதில்லை. மூணு உண்டியல் இருக்கிறது.

முதலாவது, உயிருக்கு. கார்பன் மோனாக்சைடு, பழைய ஆஸ்பெஸ்டாஸ் உறை, பூஞ்சை. இங்கே "எத்தனை வருஷத்தில் காசு திரும்பும்?" என்ற கேள்வியே வரக்கூடாது. முதலில் இதை முடிக்கணும்.

இரண்டாவது, பில்லுக்கு. இங்கே மட்டும்தான் வருஷக் கணக்கு செல்லும்.

மூணாவது, சௌகரியத்துக்கு. ஒரு ரூம் குளிரணும், தூங்கணும், குழந்தை அழாமல் இருக்கணும். இதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது அந்தக் குடும்பம் முடிவு செய்யவேண்டியது. அதை "எனர்ஜி சேவிங்" என்ற பெயரில் யாரும் நம்மிடம் விற்கக்கூடாது. அந்த 9,000 டாலர் கொட்டேஷனில் மூணும் ஒண்ணாகக் கலந்திருந்தது. அதனால்தான் சரியா தப்பா என்று சொல்லவே முடியவில்லை.

கடைசி ரூமுக்குப் போன குழாயைப் பார்த்தோம். கம்பிச் சுருள்மேல் பிளாஸ்டிக் உறை போட்ட, வளையும் ஃபிளெக்ஸ் டக்ட். 6 அங்குலம். நீளமாக ஓடி, நடுவில் தொய்ந்து, முந்தைய வீட்டுக்காரர் வைத்த ஒரு பெட்டிக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. இரண்டாம் வருஷ ஃபுளூயிட் மெக்கானிக்ஸ் ஞாபகம் இருக்கிறதா? அழுத்த இழப்பு, ஓட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம், விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதம். அப்படியென்றால் அதே அழுத்தத்தில் 8 அங்குலக் குழாயில் போகும் காற்றில் பாதிகூட 6 அங்குலத்தில் போகாது. இரண்டே அங்குலம்தான், காற்று பாதியாகிவிட்டது. அந்த ஒரு குழாயை மாற்றினால் போதும், வீடு முழுக்க மாற்றவேண்டியதில்லை.

அக்காவின் கடைசி பட்ஜெட்

வேறு இரண்டு கான்ட்ராக்டர்களிடம் சோதனை ரிப்போர்ட்டைக் கொடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக விலை கேட்டோம். தேர்ந்தெடுத்தவரின் விலையோடு போட்ட பட்டியல், டாலரில்:

முதல் சோதனை: 300
ரிட்டர்ன் பெட்டியை உள்ளே தகடு வைத்து மூடி அடைப்பது: 600
மற்ற எல்லா மூட்டுகளையும் அடைப்பது: 1,500
கடைசி ரூமுக்கு 8 அங்குலக் குழாய், கிழிந்த இன்னொரு குழாய்: 700
வேலை முடிந்ததும் மறுசோதனை: 200
கார்பன் மோனாக்சைடு அலாரம்: 50
எதிர்பாராததுக்கு, வேலைத் தொகையான 2,800-இல் 15 சதவீதம்: 420

மொத்தம் 3,770. இதில் அலாரம் முதல் உண்டியல். ரிட்டர்ன் பெட்டி முதலாவதும் இரண்டாவதும். குழாய்கள் மூணாவது. பில்லுக்கான பங்கு, இரண்டு சோதனையையும் சேர்த்து, 2,600. அதை 240-ஆல் வகுத்தால் 11 வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரிட்டர்ன் ஓட்டை செய்யும் சேதம் இந்தக் கணக்கில் முழுசாக வரவில்லை என்பதால் நிஜத்தில் இன்னும் சீக்கிரமே திரும்பும்.

எதிர்பாராதது வராமல் இருக்குமா? ஒரு ரூமில் குழாயும் சீலிங்கும் சேரும் தகரப்பெட்டி துருப்பிடித்துப் போயிருந்தது. அதற்கு 180. ஆக, மொத்தச் செலவு 3,530.

கையெழுத்துப் போடும் முன்

இதே நிலைமையில் யாராவது சொந்தக்காரர் உங்களைக் கூப்பிட்டால், இதைச் சொல்லுங்கள்.

எதை வைத்து அடைக்கிறார்கள் என்று கேட்கணும். துணி வைத்த சாதாரண டக்ட் டேப் வேண்டவே வேண்டாம். பெயரில்தான் டக்ட் இருக்கிறது. 1998-இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் மேக்ஸ் ஷெர்மன், இயன் வாக்கர் என்ற இருவர் பலவகை அடைப்பான்களைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். டக்ட் டேப்தான் மோசமாகத் தோற்றது. பிரஷ்ஷால் பூசும் மாஸ்டிக் பசை, யு.எல். 181 முத்திரை உள்ள டேப், இவைதான் சரி.

உள்ளிருந்து அடைக்கும் ஏரோசீல் என்ற முறையும் உண்டு. அதே ஆய்வகத்தில் பிறந்தது. ஒட்டும் துகள்களைக் காற்றோடு ஊதினால் அவை ஓட்டை விளிம்பில் படிந்து அடைக்கும். கை போகாத இடத்துக்கு நல்லது. கழன்ற மூட்டையும் பெரிய ஓட்டையையும் அது அடைக்காது.

மலிவு விலைக்கு "டக்ட் கிளீனிங்" என்று வரும் நோட்டீஸ் வேறு கதை. சுத்தம் செய்வதால் ஓட்டை அடைபடாது. டக்ட் கிளீனிங் உடல்நலக் கோளாறுகளைத் தடுப்பதாக நிரூபிக்கப்படவில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பே சொல்கிறது.

மறுசோதனையில் இத்தனை சி.எஃப்.எம்.முக்குள் வரணும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கணும். மின்சாரக் கம்பெனி சலுகை ஏதாவது தருகிறதா என்றும் வேலைக்கு முன்பே கேட்டுவிடணும். முடிந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

முழுசாக மாற்றுவதே சரி என்ற நேரமும் உண்டு. உள் உறை தொட்டாலே உதிர்ந்தால், எலி குடியிருந்தால், இன்சுலேஷன் நனைந்து பூஞ்சை பிடித்திருந்தால், எல்லாக் குழாயும் அளவில் சின்னதாக இருந்தால், அடைப்பது வீண்செலவு. மெஷினே இன்னும் ஓரிரு வருஷத்தில் மாற்றவேண்டியது என்றால், வீட்டின் வெப்பச் சுமையைக் கணக்கிட்டு மெஷினையும் டக்டையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். அக்கா வீட்டு மெஷினுக்கு ஆறு வயசுதான். அதனால் எங்களுக்கு அந்தக் கேள்வி வரவில்லை. 1980-க்கு முந்தைய வீட்டில் வெள்ளையாக, நார் நாராக உறை தெரிந்தால் மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது. ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள்தான் தொடணும்.

மே மாசம் வேலை முடிந்தது. மறுசோதனையில் 350 சி.எஃப்.எம். என்பது 110-க்கு வந்தது. மெஷின் ஓட்டத்தில் 8 சதவீதம். ஜூலையில் போன வருஷம் 2,130 யூனிட் ஓடிய இடத்தில் இந்த வருஷம் 1,890. அம்மா வந்து பகல் முழுக்க ஏ.சி. ஓடியும் அப்படி. ஆனாலும் நான் இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன். இரண்டு ஜூலையும் ஒரே வெயில் இல்லை. ஒரு வருஷ யூனிட்டையும் அந்தந்த மாச வெயிலோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் சரியான பதில் வரும். மாமா எக்செல் ஷீட் போட்டுக் குறித்துவருகிறார். முந்நூறு டாலருக்கு முகம் சுளித்த அதே மாமாதான்.

குழந்தை ஆகஸ்ட் இரண்டாவது வாரம் பிறந்தது. பெண். வீட்டுக்கு வந்த மறுநாள் வீடியோ காலில் அந்தக் கடைசி ரூமைக் காட்டினாள் அக்கா. அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இந்த ரூம்ல ரொம்பக் குளிருதுடா, இதைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லேன்" என்றார்.

அதற்கு டேம்பர் என்று ஒரு மடல் இருக்கிறது, அதைத் திருகிக் காற்றைக் குறைக்கலாம். சொல்லிக் கொடுத்தேன். செலவு, பூஜ்யம் டாலர்.